பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு: அளந்தறிய வேண்டியதன் அவசியம்



பால் சங்கத்தில் எவரும் பாலைக் கண்ணால் பார்த்து விலை போடுவதில்லை. கொண்டுவந்தவர் "மூன்று லிட்டர் இருக்கும்" என்று சத்தியம் செய்தாலும், குமாஸ்தா அதை அளவையில் ஊற்றிப் பார்த்த பிறகே பேரேட்டில் பதிகிறார். விதையும் எருவும் தராசில் நிறுத்துத்தான் வாங்கப்படுகின்றன. அளவில் இவ்வளவு கண்டிப்புள்ள ஜனங்களின் நடுவே, ஒரு ஸ்திரீ பிள்ளை பெற்றபின் இழக்கும் இரத்தம் மட்டும் வெகுகாலம் கண்ணளவுக்கே விடப்பட்டிருந்தது. குக்கிராமத்து வீடுகளில் மாத்திரம் இவ்வாறு நடந்ததென்று எண்ணலாகாது. பெரிய பட்டணங்களின் ஆஸ்பத்திரிகளிலும், கற்றறிந்த வைத்தியர்களிடத்திலும் இதுவே வழக்கமாயிருந்தது. அவ்வழக்கத்தால் நேர்ந்த நஷ்டமும், அதைத் திருத்தும்பொருட்டு நடந்த ஆராய்ச்சிகளும், அவற்றைக் கொண்டு கிராமச் சங்கங்கள் செய்யக்கூடியவையும் இவ்வுரையில் சொல்லப்படும்.

2020-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் ஏறத்தாழ 2,87,000 ஸ்திரீகள் கர்ப்பத்தினாலோ பிரசவத்தினாலோ இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. அம்மரணங்களுக்குரிய காரணங்களில் முதன்மையானது உதிரப்போக்கு. இந்தியாவில் 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, உயிருடன் பிறந்த குழந்தைகள் லட்சத்துக்கு 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அத்தொகை 54. முற்காலத்தை நோக்க இது பெரிய அபிவிருத்தியே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 ஆஸ்பத்திரிகளில் நடந்தனவென்று கண்டது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது, எப்பொழுது நடக்கிறது என்பதே எஞ்சியிருக்கும் மரணங்களைத் தீர்மானிக்கிறது.

உதிரப்போக்கு ஏன் உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம். கர்ப்பம் முதிரும்போது தாயின் உடலில் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. ஒன்பதாம் மாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் கருப்பைக்குச் சென்று திரும்புகிறது. குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி கருப்பையின் சுவரிலிருந்து பெயரும்போது, அவ்விடத்திலிருந்த இரத்தக் குழாய்களெல்லாம் வாய் திறந்து நிற்கும். அவற்றை அடைப்பதற்கு இயற்கை வைத்திருக்கும் உபாயம் ஒன்றுதான்: குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கருப்பையின் தசைநார்கள் இறுகச் சுருங்கி, அக்குழாய்களைக் கயிறு போட்டுக் கட்டினாற்போல நெரித்துவிடுகின்றன. கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தால், திறந்த மடையில் நீர் ஓடுவதுபோல இரத்தம் ஓடும். உதிரப்போக்கில் பெரும்பான்மையானது இவ்விதம் நேர்வதே. நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுதல், பிறப்பு வழியில் கிழிசல், இரத்தம் உறையாமை ஆகியவையும் காரணங்களாகலாம். முன் அடையாளம் சிறிதுமின்றி, இரண்டு மூன்று பிள்ளைகளைச் சுகமாகப் பெற்ற ஸ்திரீக்கும் இது நேரிடும். கவனிப்பாரற்றால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

கருப்பையைச் சுருக்கும் மருந்தைத் தேடிய வரலாறு பயிர்நோயிலிருந்து தொடங்குகிறது. கம்புக் கதிரில் தேனொழுகல் நோயைக் கண்டிராத விவசாயி இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த பூஞ்சணம் ஐரோப்பாவில் ரை என்னும் தானியக் கதிரில் கருத்த கொம்புபோல முளைக்கும். அதைப் பொடி செய்து கொடுத்தால் பிரசவ வேதனை துரிதப்படும் என்று அந்நாட்டு மருத்துவச்சிகள் கண்டிருந்தனர். 1808-இல் அமெரிக்க வைத்தியர் ஜான் ஸ்டேர்ன்ஸ் அதைப் பற்றி எழுதவே, பலரும் கையாளத் தொடங்கினார்கள். விளைவு பயங்கரமாயிற்று. அளவறியாது கொடுக்கப்பட்ட பொடியினால் கருப்பை விடாது இறுகி, குழந்தைகள் இறந்து பிறந்தன. கருப்பை கிழிந்து தாய்மாரும் மாண்டனர். 1820-களில் நியூயார்க் வைத்தியர் டேவிட் ஹோசாக், இதைக் குழந்தை பிறக்குமுன் கொடுத்தலாகாது, பிறந்தபின் உதிரத்தை நிறுத்துதற்கே கொடுத்தல் வேண்டும் என்று எச்சரித்தார். ஒரே மருந்து, குழந்தை பிறக்குமுன் கொன்றது, பிறந்தபின் காத்தது.

இந்த எச்சரிக்கை இரு நூற்றாண்டு கடந்தும் பழையதாகவில்லை. அப்பொடியின் சத்தான எர்கோமெட்ரினை 1935-இல் லண்டனில் சாஸர் மொயர், டட்லி என்பவர்கள் பிரித்தெடுத்தனர். அது இரத்த அழுத்தத்தை உயர்த்துமாதலால், அழுத்தம் மிகுந்த கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மற்றொரு மருந்து மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பியிலிருந்து கிடைத்தது. அதன் சாறு கருப்பையைச் சுருக்குமென்று ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அச்சாற்றிலுள்ள ஆக்ஸிடோசின் என்னும் சத்தை 1953-இல் வின்சென்ட் து விக்னோ செயற்கையாகச் செய்து காட்டி, 1955-இல் நோபல் பரிசு பெற்றார். கன்று முட்டும்போது பசுவுக்குப் பால் இறங்குவதும், குழந்தை பால் குடிக்கும்போது தாயின் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதும் இந்தச் சத்தினாலேதான்.

பால் சங்கத்தார் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கன்றில்லாத எருமைக்கும் பசுவுக்கும் பால் இறக்குவதற்காகச் சிலர் திருட்டுத்தனமாகப் போடும் ஊசி இதே ஆக்ஸிடோசின்தான். அத்துர்வழக்கத்தைத் தடுக்கும்பொருட்டு மத்திய சர்க்கார் 2018 ஏப்ரலில், அம்மருந்தைச் சர்க்கார் கம்பெனி ஒன்றைத் தவிரப் பிறர் உள்நாட்டு உபயோகத்துக்குச் செய்யலாகாதென்று உத்தரவிட்டனர். தாய்மாருக்கு மருந்து தட்டுப்படுமே என்ற ஆட்சேபம் எழுந்தது. அவ்வருஷம் டிசம்பரில் டில்லி ஹைகோர்ட் உத்தரவை ரத்து செய்தது. மாட்டுக் கொட்டகையில் சிலர் செய்யும் பேராசை, பிரசவ அறையில் உயிர் காக்கும் மருந்துக்கே முட்டுக்கட்டையாக வந்தது என்பதைக் கறவைக்காரர்கள் மறக்கலாகாது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. வட இந்தியக் கிராமங்கள் பலவற்றில், பயிற்சியில்லாதவர்கள் வலி பெருக வேண்டுமென்று குழந்தை பிறக்குமுன்னரே வீட்டில் இந்த ஊசியைத் தசையில் போட்டுவிடும் வழக்கம் ஆராய்ச்சியாளர்களால் கண்டெழுதப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியர் வலியை உண்டாக்கவோ வலுப்படுத்தவோ இம்மருந்தைக் கொடுக்கும்போது, உப்பு நீரில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றி, குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருப்பார். இறுக்கம் மிகுந்தால் உடனே நிறுத்துவார். தசையில் ஒருமுறை போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஹோசாக் எச்சரித்த அபாயம் இதுவே.

நிற்க, குழந்தை பிறந்தவுடன் மருந்து கொடுப்பதால் பயன் உண்டா என்பது 1988-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒழுங்காகப் பரீட்சிக்கப்பட்டது. 1,695 ஸ்திரீகளைச் சீட்டுப் போட்டாற்போல இரு வகுப்பாகப் பிரித்து, ஒரு வகுப்பாருக்கு ஊசி முதலிய முறைகள் அனுசரிக்கப்பட்டன. மற்ற வகுப்பாரிடம் நஞ்சுக்கொடி தானே விழும்படி விடப்பட்டது. அரை லிட்டருக்கு மேல் இரத்தம் இழந்தவர்கள் முதல் வகுப்பில் நூற்றுக்கு 5.9, இரண்டாவதில் 17.9. சீட்டுப் போட்டுப் பிரிப்பதன் நோக்கம், பலமுள்ளவர்களையெல்லாம் ஒரு புறமும் பலவீனரை மறுபுறமும் சேர்த்துவிட்டு, மருந்தின் பேரில் பெருமையோ பழியோ சுமத்தாதிருப்பதே. புதிய விதையைப் பரீட்சிக்கும்போது, ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மாறி மாறி விதைப்பதும் இதே நியாயத்தினால்தான். பின்னர் 2012-இல் எட்டு தேசங்களில் 24,390 ஸ்திரீகளிடம் நடந்த பரீட்சையில், தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்து நஞ்சை எடுப்பதனால் பெருத்த பயன் இல்லையென்றும், காப்பது பெரும்பாலும் ஊசியே என்றும் விளங்கிற்று. வழியில் பிள்ளை பிறந்துவிட்டால் கொடியைப் பிடித்து இழுக்கும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இழுத்தால் கருப்பையே புரண்டு வெளிவரக்கூடும்.

ஆக்ஸிடோசினுக்கு ஒரு குறை உண்டு. அதைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை வைத்துக் காக்க வேண்டும். ஊசி போடத் தெரிந்தவரும் வேண்டும். மின்சாரமும் நர்சும் எட்டாத கிராமத்துக்கு என்ன வழி? இக்கேள்விக்கு விடை தேடிய ஆராய்ச்சி இந்தியக் கிராமங்களிலேயே நடந்தது. கர்நாடகத்தின் பெல்காம் ஜில்லாவில், அவ்வூர் ஜவஹர்லால் நேரு வைத்தியக் கல்லூரியாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, 2002 செப்டம்பர் முதல் 2005 டிசம்பர் வரை இதை நடத்தினர். பிரசவம் பார்த்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்லர். கிராமங்களில் வேலை செய்த 25 துணைத் தாதிகள். 1,620 ஸ்திரீகள் இதில் சேர்ந்தனர். குழந்தை பிறந்ததும் 812 பேருக்கு மிஸோப்ராஸ்டல் என்னும் மாத்திரை 600 மைக்ரோகிராம் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. 808 பேருக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தற்ற மாத்திரை. எது எதுவென்று தாதிக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு உதிரப்போக்கு உண்டாயிற்று. மருந்து பெற்றவர்களில் 6.4 பேருக்கே. ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் இழந்தவர்கள் நூற்றுக்கு 1.2-இலிருந்து 0.2 ஆகக் குறைந்தனர். 18 பேருக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவருக்கு உதிரப்போக்கு தடுக்கப்படுகிறது என்பது கணக்கு. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சிலருக்கு வந்து சிறிது நேரத்தில் போயின. ஊசியே மேலானது, அது கிடைக்காத இடத்துக்கு இம்மாத்திரை உதவும். 2011-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த உபயோகத்துக்காக இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இந்தப் பரீட்சைக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. இரத்தத்தை அளக்காமல் மருந்து குறைத்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று செய்தார்கள். அதைத் தாயின் இடுப்பின் கீழ் விரித்தால், இரத்தம் வழிந்து, நுனியிலுள்ள கூம்பு வடிவான பையில் சேரும்; பையில் அளவுக் கோடுகள் உண்டு. பெட்ரோல் போடுகிறவன் புனல் வைப்பதுபோல எளிய உபாயம். ஆனால் அது காட்டிய உண்மை எளியதன்று. அதே பெல்காமில் 123 பிரசவங்களில் கண்ணளவையும் பையளவையும் ஒத்துப் பார்த்தபோது, கண்ணால் மதித்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தது. துணியில் ஊறியதும், தரையில் ஓடியதும், குடநீரோடு கலந்ததும் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. இரத்தம் எவ்வளவு அதிகமாகப் போகிறதோ, அவ்வளவுக்கவ்வளவு கண்ணளவு ஏமாற்றும். அபாயம் அதிகமாகும் சமயத்திலேதான் கணிப்பு அதிகமாகப் பிழைக்கிறது என்பது எவ்வளவு வருந்தத்தக்கது!

அப்படியானால் எல்லாப் பிரசவத்துக்கும் ஒரு பை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமென்று எண்ணத் தோன்றும். போதாது. ஐரோப்பாவில் 13 தேசங்களின் 78 பிரசவ ஆஸ்பத்திரிகளில் 25,381 பிரசவங்களைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2010-இல் வெளிவந்தது. பாதி ஆஸ்பத்திரிகள் பை வைத்தன, பாதி வைக்கவில்லை. கொடிய உதிரப்போக்கு பை வைத்த இடத்தில் நூற்றுக்கு 1.71, வைக்காத இடத்தில் 2.06. இவ்வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். ஏனென்றால், பை அளவைச் சொல்லிற்று; இந்த அளவுக்கு வந்தால் இன்னதைச் செய் என்று எவரும் கட்டளை வகுத்திருக்கவில்லை. தணிக்கை அறிக்கையை ஆண்டுதோறும் எழுதி வாங்கி அலமாரியில் பூட்டிவைக்கும் சங்கத்துக்கு நஷ்டம் குறைவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

அந்தக் குறையை நிவர்த்தித்த ஆராய்ச்சி, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் பிறரும் கூடி நடத்திய ஈ-மோட்டிவ் பரீட்சை. அதன் முடிவு 2023-இல் வெளியாயிற்று. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய தேசங்களில் 80 ஆஸ்பத்திரிகள், 2,10,132 பிரசவங்கள். பை எல்லா இடத்திலும் வைக்கப்பட்டது. ஆனால் ஒரு பாதி ஆஸ்பத்திரிகளிலே பையில் அளவுக் கோடும், அதனோடு ஒட்டிய கட்டளையும் இருந்தன. முதல் ஒரு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை இரத்தத்தையும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் நாடியையும் அழுத்தத்தையும் பார்த்து எழுத வேண்டும். பை 500 மில்லி லிட்டரைத் தொட்டாலும், 300 மில்லி லிட்டரைத் தொட்டு நாடியோ அழுத்தமோ கெட்டிருந்தாலும், மேலதிகாரியின் வருகையை எதிர்பாராமல் தாதியே ஆரம்பித்துவிட வேண்டும். கருப்பையை வயிற்றின் மேலிருந்து பிசைந்துவிடுதல், சுருக்கும் மருந்து, டிரனெக்ஸாமிக் அமிலம் என்னும் உறைவிக்கும் மருந்து, நரம்பின் வழியே நீர் ஏற்றுதல், கிழிசலும் தங்கிய துண்டும் உண்டாவென்று சோதித்தல், அப்பாலும் நில்லாவிட்டால் மேலிடத்துக்கு அறிவித்தல். இவற்றை ஒன்று பலிக்குமா என்று பார்த்துப் பின் மற்றொன்றைத் தேடாமல் ஒருங்கே செய்ய வேண்டும். மருந்தும் ஊசியும் குழாயும் ஒரே பெட்டியில் அல்லது ஒரே வண்டியில் தயாராக இருக்க வேண்டும்.

பழைய முறையில் உதிரப்போக்கு நேர்ந்தவர்களில் நூற்றுக்கு 51.1 பேருக்கே அது கண்டறியப்பட்டது; ஏறக்குறைய பாதிப்பேர் கவனிப்பில்லாமலே கடந்தனர். புதிய முறையில் 93.1 பேருக்குக் கண்டறியப்பட்டது. ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் போதல், அதற்காக வயிற்றைத் திறக்க நேர்தல், அதனால் மரணம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 4.3-இலிருந்து 1.6 ஆகக் குறைந்தனர். இதில் புது மருந்து ஒன்றுகூட இல்லை என்பதே விசேஷம். எல்லாம் முன்னரே அந்த ஆஸ்பத்திரிகளின் அலமாரியில் இருந்தவைதான். அளவும் நேரமும் கட்டளையும் மட்டுமே புதியவை. 2025 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரசவ வைத்தியர், மருத்துவச்சியர் ஆகியோரின் சர்வதேச சம்மேளனங்களும் சேர்ந்து வெளியிட்ட விதிகள், 300 மில்லி லிட்டர் போய் நாடியோ அழுத்தமோ மாறியிருந்தால் அப்பொழுதே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று கூறுகின்றன.

டிரனெக்ஸாமிக் அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடலாகாது. அதை 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டுபிடித்தவர்கள் உதாகோ ஒகமோட்டோ என்ற அம்மையாரும் அவர் கணவரும். பிரசவ உதிரப்போக்குக்கே இது பயன்படுமென்று அவ்வம்மையார் கருதினார். ஆயினும் அதைப் பரீட்சிக்கும்படி வைத்தியர்களை இணங்கச் செய்ய அக்காலத்தில் இயலவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 21 தேசங்களில் 20,060 ஸ்திரீகளிடம் பரீட்சித்ததில், உதிரப்போக்கால் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.9-இலிருந்து 1.5 ஆகக் குறைந்தது தெரிந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. அம்மையார் அதற்கு முந்திய வருஷம் காலமானார். குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இம்மருந்து பயன்படுகிறது. ஒவ்வொரு கால் மணி தாமதத்துக்கும் பயன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறதென்று பின்னர் கணக்கிட்டனர். சங்கத்துக் கடனுக்குத் தவணை தவறினால் வட்டி ஏறும். இந்தத் தவணைக்கு அபராத வட்டி கட்டித் தீர்க்க முடியாது.

இவ்வளவு நல்ல மருந்தானால், இரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் உதிரப்போக்கு வருமுன்பே கொடுத்துவிட்டால் என்ன என்று ஆராய்ச்சியாளர் மேலும் கேட்டனர். பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, ஸாம்பியா ஆகிய இடங்களில் சோகை பிடித்த 15,068 ஸ்திரீகளிடம் பரீட்சித்தனர். பயன் இல்லை, இரு வகுப்பிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு உதிரப்போக்கு உண்டாயிற்று. 2023-இல் இதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். இதனால் அறியத்தக்கது: சோகைக்குப் பிரசவ அறையில் குறுக்குவழி இல்லை. அதற்குரிய காலம் கர்ப்பத்தின் நடுவிலும் கடைசி மூன்று மாதங்களிலும் இருக்கிறது. இரத்தச் சத்து மிகக் குறைந்த தாய்க்கு, மற்றவர்கள் எளிதில் தாங்கும் இழப்பே உயிராபத்தாகிவிடும். சர்க்கார் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை நாள்தோறும் ஒன்றாகக் கர்ப்பத்தில் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். மலம் கறுக்கிறதென்றும், குமட்டுகிறதென்றும் பல பெண்கள் மாத்திரையை அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்துவிடுகிறார்கள் என்பது கிராம நர்சுகள் நன்கறிந்த சங்கதி. மலம் கறுப்பது தீங்கன்று. காப்பி, தேயிலைக்கு அருகில் சாப்பிட்டால் சத்து உடலில் ஒட்டாது; இரவில் உண்டபின் சாப்பிட்டால் குமட்டல் குறையும். ஏழாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இரத்தச் சத்தைச் சோதித்து, 11 கிராமுக்குக் குறைந்தால் கேட்க வேண்டும்; 7 கிராமுக்குக் கீழே போனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நமது பக்கத்து வழக்கம் ஒன்று இவ்விஷயத்தில் இடையூறு செய்கிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிள்ளைக்காரியைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது அன்பினால் ஏற்பட்ட நல்ல வழக்கமே. ஆனால் மாமியார் வீட்டுக் கிராமத்து நர்சின் பேரேட்டில் அவள் பெயர் நின்றுவிடுகிறது; தாய்வீட்டுக் கிராமத்து நர்சுக்கு அவள் வந்தது தெரியாது. வளையலும் சீர்வரிசையும் மறவாது போகின்றன, பரிசோதனைச் சீட்டு பெட்டியடியில் கிடக்கிறது. கடைசி இரண்டு மாதக் கவனிப்பு இவ்வாறு இரு ஊர்களுக்கு நடுவே விழுந்துபோகிறது. அழைத்து வந்த மறுநாளே சீட்டோடு துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும்.

பிள்ளை பிறந்த அந்த முதல் மணி நேரத்தில் உறவினர் செய்வதென்ன? எல்லாக் கண்களும் குழந்தையின்மேல் இருக்கின்றன. எடை எவ்வளவு, யார் சாயல், எந்த நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். ஒருவர் சர்க்கரை வழங்க ஓடுகிறார். தாயை மட்டும் எவரும் பார்ப்பதில்லை. கூட இருக்கும் பெரியவள் ஒருத்தி, தாயிடமே உட்கார்ந்திருப்பது நலம். துணி கால் மணிக்குள் நனைந்து மறு துணி கேட்டால், கட்டி கட்டியாக இரத்தம் விழுந்தால், முகம் வெளுத்து வியர்த்துக் கொட்டாவி விட்டால், தாகம் தாகம் என்று சொன்னால், வார்த்தை தடுமாறினால், கூச்சமின்றி உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். "அழுக்கு இரத்தம் போகட்டும், போனால்தான் உடம்பு நல்லது" என்று மூதாட்டிகள் சொல்வதுண்டு. பிரசவத்துக்குப் பின் சிறிதளவு போவது இயல்பே. ஆனால் கருப்பைக்குள் அழுக்கென்று தனி இரத்தம் இல்லை. போவதெல்லாம் உடலில் ஓடும் அதே இரத்தந்தான்.

இனிச் சங்கத்தின் பங்கு. பெரிய திட்டம் வேண்டியதில்லை. அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் இரத்தம் ஏற்றவும் அறுவை செய்யவும் வசதி உண்டென்பதைச் சங்கத்து நோட்டீஸ் பலகையில் எழுதி வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலிருந்தாலும், நிற்காத உதிரத்துக்கு அங்கிருந்து மேலே போக வேண்டியிருக்கும். அப்பொழுது விசாரித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்னும் எண்ணுக்குச் சொன்னால் ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. ஆயினும் மழையில் அறுந்துபோகும் பாதையும், வண்டி திரும்பாத சந்தும் உள்ள ஊர்களில் அது எந்த இடம் வரை வரும், அங்கே தாயை எவ்விதம் கொண்டுசேர்ப்பது என்பதை முன்னரே யோசித்து வைக்க வேண்டியது ஊராரே. பால் சேகரிக்க விடியற்காலையில் வந்துபோகும் வண்டிக்கு ஒவ்வொரு சந்தும் தெரியும். அந்த ஓட்டுநரின் அறிவை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளாத சங்கங்களே அதிகம்.

இரத்ததானமும் அப்படியே. பணத்துக்கு இரத்தம் விற்பதைச் சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் வருஷத் தீர்ப்பின்படி 1998 முதல் இந்தியாவில் ஒழித்துவிட்டார்கள்; தானமாகக் கிடைப்பதே இரத்த வங்கிக்கு ஆதாரம். தாய் மயங்கிக் கிடக்கும்போது கணவனின் நண்பர்களைத் தேடி அனுப்பி, சோதித்து, எடுத்து, ஏற்றுவதற்குள் காலம் கடந்துபோகும். ஏற்கெனவே வங்கியில் இருக்கும் இரத்தம்தான் அந்நேரத்துக்கு உதவும். சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்துக்கு அங்கத்தினர் எப்படியும் வருகிறார்கள். அதே நாளில் ஜில்லா இரத்த வங்கியாரை வரவழைத்து முகாம் நடத்தினால் தனியாகக் கூட்டம் சேர்க்கும் சிரமம் இல்லை. ஆரோக்கியமுள்ள ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

நோயாளியின் ஆஸ்பத்திரியில் இரத்தம் அளக்கும் பை உண்டா, இல்லையா என்று விசாரிக்கவும் சங்கத்தாருக்கு உரிமை உண்டு. சுகாதார நிலையங்களின் நோயாளர் நலச் சங்கங்களிலும், கிராம சுகாதாரக் குழுக்களிலும் ஊர்ப் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். அங்கே சுண்ணாம்படிப்பதும் நாற்காலி வாங்குவதும் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை. பிரசவ அறைக் குளிர்ப்பெட்டி ஓடுகிறதா, மின்சாரம் நின்றால் ஆக்ஸிடோசினை எங்கே வைக்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாலும் போதும். வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்னும் மருந்தைப் பத்துத் தேசங்களில் 29,645 ஸ்திரீகளிடம் பரீட்சித்து, ஆக்ஸிடோசினுக்கு அது குறைந்ததன்று என்று 2018-இல் கண்டார்கள்; இந்தியாவும் அப்பத்தில் ஒன்று. குளிர்ப்பெட்டி நம்பத்தகாத இடங்களுக்கு அது தக்கது.

சுகப்பிரசவமானால் தாய் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியிலே தங்க வேண்டுமென்பது சர்க்கார் விதி. மறுநாளே அழைத்துப்போக அவசரப்படும் குடும்பங்கள் உண்டு; வீட்டில் கறவை மாடு காத்திருக்கிறதென்பதும், அறுவடை என்பதும் காரணமாகச் சொல்லப்படும். அந்த இரண்டு நாளுக்கு அண்டை வீட்டார் மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். வீடு திரும்பிய பின்னும், ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட, தங்கிய நஞ்சுத் துண்டினாலோ நோய்த் தொற்றினாலோ இரத்தம் மீண்டும் பெருகுவதுண்டு. ஒரு மணி நேரத்தில் இரண்டு துணி நனைந்தாலும், காய்ச்சலும் துர்நாற்றமும் கண்டாலும், தீட்டுக் கழியவில்லையென்று வீட்டிலே வைத்திராமல், பிரசவச் சீட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே, இரவானாலும், புறப்பட வேண்டும்.